ஸ்குவாட் இறங்கும்போது கவட்டையில் இறுக்கம்: என்ன உடுத்துவது, காலை எப்படி வைப்பது?

பாளைப்பையன்:

எல்லாருக்கும் வணக்கம். ஜிம்மில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, அதனால் இங்கே நேரடியாகவே கேட்டுவிடுகிறேன். பாளையங்கோட்டை சமாதானபுரம் பக்கம் ஒரு சின்ன ஜிம்முக்குப் போகிறேன். ஏசி கிடையாது, சுவரில் மாட்டிய ஃபேனும் ஷட்டர் வழியாக வருகிற காற்றும்தான். தோளில் பளுக்கம்பியை (பார்) வைத்துக் குத்தவைத்து எழுகிற ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போது தொடை இரண்டும் சேர்ந்து விதையை நெருக்குகிறது. வலி என்று சொல்ல மாட்டேன், ஆனால் கவனமெல்லாம் அங்கேயே போய்விடுவதால் பாதியில் எழுந்துவிடுகிறேன், கோச் "இன்னும் இறங்கு, இன்னும் இறங்கு" என்று கத்துகிறார், அவரிடம் காரணத்தை எப்படிச் சொல்வது? தரையில் கிடக்கிற பாரைத் தூக்கி நிமிர்கிற டெட்லிஃப்டில் வேறு தொல்லை. கால்களை நன்றாக அகட்டி, கையை அதற்கும் வெளியே வைத்துப் பிடிப்பேன். நிமிர்ந்து நிற்கும்போது பார் நேராகக் கவட்டை மேலேயே வந்து இடிக்கிறது.

உள்ளே லூசான பாக்ஸர், மேலே காலேஜில் வாங்கிய பாலியஸ்டர் ட்ராக் பேன்ட், காலில் ரன்னிங் ஷூ. இதுதான் என் உடுப்பு. ஜிம்மில் ஒரு பெரியவர் லங்கோடு கட்டாமல் பளு தூக்கினால் குடல் இறங்கிவிடும் என்கிறார். கூட வருகிற நண்பன் உடம்போடு ஒட்டி இறுக்கிப் பிடிக்கிற கம்ப்ரெஷன் ஷார்ட்ஸ் வாங்கச் சொல்கிறான், ஆனால் அதைப் போட்டால் பிள்ளை பிறக்காது என்று அவன் மாமாவே சொல்லியிருக்கிறாராம். எனக்கு வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இந்த நேரத்திலா இதெல்லாம் காதில் விழ வேண்டும்?

இன்னொன்று. அம்மா ஊர் பணகுடி பக்கம். வருகிற தைப்பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கச் சொல்லி மச்சான்மார் இப்போதே உசுப்பேற்றுகிறார்கள். அதற்கும் ஜிம் உடுப்பே போதுமா, வேட்டிதான் கட்ட வேண்டுமா?

---

வண்ணாரப்பேட்டை பார்பெல்:

தம்பி, உன் கேள்வியில் பாதி உடுப்பு, பாதி கால் வைப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. கால் குறுகலாக இருந்தால் எந்த ஜட்டி போட்டாலும் நெருக்கத்தான் செய்யும்.

ஸ்குவாட்டில் குதிகால் இரண்டும் தோள் அகலத்துக்கு, அல்லது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. பாதத்தின் நுனி 15 முதல் 30 டிகிரி வரை வெளியே திரும்பியிருக்கட்டும். முக்கியமானது, முழங்கால் அந்த நுனி பார்க்கும் திசையிலேயே போக வேண்டும். நீ தொடை நெருக்குகிறது என்று சொல்வதை வைத்துப் பார்த்தால், பாதத்தை நேராக வைத்து முழங்காலை உள்ளே விடுகிறாய் என்றுதான் தோன்றுகிறது. தொடைகளை விலக்கி, அவற்றுக்கு நடுவில் இடுப்பு இறங்க வேண்டும். அப்படி இறங்கினால் வயிற்றுக்கும் இடம் கிடைக்கும், மற்றதற்கும் இடம் கிடைக்கும்.

எத்தனை அகலம் என்று யாரும் அளவு சொல்ல முடியாது, ஏனென்றால் இடுப்பெலும்புக் குழியின் ஆழமும் தொடையெலும்பு அதில் பொருந்துகிற கோணமும் ஆளுக்கு ஆள் வேறு. வீட்டில் ஒரு சோதனை செய்து பார். பாயை விரித்து நாலு காலில் நில், முழங்கால்களைக் குறுகலாக வைத்துப் பிட்டத்தைக் குதிகால் பக்கம் பின்னால் தள்ளு. எந்த இடத்தில் கீழ்முதுகு வளைய ஆரம்பிக்கிறது என்று கவனி. பிறகு முழங்காலைக் கொஞ்சம் கொஞ்சமாக அகட்டி அதையே திரும்பச் செய். எந்த அகலத்தில் முதுகு வளையாமல் அதிக தூரம் போகிறதோ, ஸ்குவாட்டில் உன் அகலமும் ஏறத்தாழ அதுதான். அதன் பிறகு ஒரு டம்பெல்லை நெஞ்சோடு நிறுத்திப் பிடித்துக்கொண்டு குத்தவைத்து உட்கார், முழங்கையால் முழங்காலை உள்ளிருந்து மெதுவாகத் தள்ளி அங்கேயே கொஞ்ச நேரம் இரு. இரண்டு மூன்று வாரம் இதைச் செய்த பிறகு பாருக்குப் போகலாம்.

டெட்லிஃப்ட் விஷயம் எளிது. நீ இரண்டு முறையைக் கலக்கிவிட்டாய். கால் அகலம் என்றால் கை உள்ளே வர வேண்டும், அதுதான் சுமோ. கை வெளியே என்றால் கால் இடுப்பு அகலத்துக்குக் குறுக வேண்டும், ஸ்குவாட்டைவிடவும் குறுகலாக. கையை எத்தனைக்கு அகலமாகப் பிடிக்கிறாயோ அத்தனைக்கு பார் உடம்பில் மேலே வந்து நிற்கும். கை தோளிலிருந்து நேராகத் தொங்கினால் பார் தொடையில் நிற்கும், விரிந்தால் கவட்டைக்கு ஏறிவிடும். ஸ்னாட்ச் (பாரை ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோவது) தூக்குகிறவர்கள் பார் இடுப்பு மடிப்புக்கு வர வேண்டும் என்றே அகலமாகப் பிடிக்கிறார்கள். 2018 கோல்ட்கோஸ்ட் காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய வேலூர் சதீஷ் சிவலிங்கம் ஸ்னாட்சில் 144 கிலோ தூக்கிய வீடியோவைப் பார், கை எங்கே இருக்கிறது என்று தெரியும். டெட்லிஃப்டுக்கு அது தேவையில்லை. அப்புறம், மேலே வந்ததும் இடுப்பை முன்னால் தள்ளிப் பாரில் மோதுவது ஒரு பழக்கம், நிறையப் பேருக்கு உண்டு. நேராக நின்றால் போதும். பின்னால் சாய்ந்தால் இடுப்பு வட்டுக்கும் நல்லதில்லை.

அந்த ரன்னிங் ஷூவைக் கழற்றிவிடு. அதன் மெத்தை ஓடுவதற்கு, பளுவை வைத்தால் அமுங்கி ஆடும். தட்டையான கேன்வாஸ் ஷூ போதும். கணுக்கால் இறுகி, குதிகால் தரையைவிட்டுக் கிளம்புகிற ஆளுக்கு மட்டும் குதிகால் உயர்ந்த லிஃப்டிங் ஷூ உதவும், அது வாங்கும் வரை குதிகாலுக்குக் கீழே பாரில் மாட்டுகிற சின்ன பளு பிளேட் வைத்துக்கொள்ளலாம். செருப்போடு டெட்லிஃப்ட் எடுக்கிற ஆட்களையும் நம் ஊரில் பார்க்கிறேன், அவர்களை என்ன சொல்ல.

---

நயினார்குளம் அண்ணாச்சி:

மேலே எழுதியவர் கால் விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார், நான் துணி பற்றிச் சொல்கிறேன், இருபது வருஷமாக மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறவன்.

லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்குகிற ஆட்களை விடியற்காலையில் வந்து பாரும். தோளுக்கு 50 கிலோ சாக்கு. என்ன உடுத்தியிருக்கிறார்கள்? முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய சாரம், உள்ளே தொடை வரைக்கும் நீண்ட பருத்தி அண்டர்டிராயர், பட்டாபட்டி என்று சொல்வோமே அதுவேதான். தலையில் துண்டு. தொடையோடு தொடை உரசினாலும் நடுவில் பருத்தி இருக்கிறது, இடுப்பில் நாடா இருக்கிறது, எலாஸ்டிக் இல்லை, காற்று போகிறது. உங்கள் பாலியஸ்டர் ட்ராக் பேன்டை இந்த ஊர் வெயிலில் போட்டுக்கொண்டு குத்தவைத்தால் வேர்வையில் தொடையோடு ஒட்டிக்கொண்டு முழங்காலில் பிடித்து இழுக்கும், இழுத்தால் எங்கே போய் இறுக்கும்? கவட்டையில்தான். பேன்டின் நாலு தையலும் ஒரே புள்ளியில் கூடுகிற இடம் அது.

அதற்காக ஜிம்முக்குச் சாரம் கட்டிக்கொண்டு போகச் சொல்லவில்லை வே, பாரில் மாட்டிக்கொள்ளும், அவிழ்ந்தால் ஊரே சிரிக்கும். தெரிந்த டெய்லரிடம் கொடுத்து, ஷார்ட்ஸின் கவட்டையில் சாய்சதுரமாக ஒரு துண்டுத்துணி வைத்துத் தைக்கச் சொல்லும். அந்தத் துண்டு இருந்தால் காலை எத்தனை அகட்டினாலும் தையல் வெட்டாது, கிழியவும் கிழியாது. முழங்காலுக்கு மேலே நிற்கிற மாதிரி, தொடையில் விசாலமாக. இது போதும்.

லங்கோடு பற்றி. சிலம்ப ஆசான்மார் இன்றும் லங்கோடு இல்லாமல் பையனைக் களத்தில் இறக்க மாட்டார்கள், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. தொங்குவதை மேலே தூக்கி உடம்போடு சேர்த்து வைத்துவிடும், தொடைக்கு நடுவில் எதுவும் வராது. உமக்கு இருக்கிற தொல்லைக்கு அது நேரான மருந்துதான். ஆனால் கட்டத் தெரிய வேண்டும். இறுக்கிக் கட்டினால் தொடை இடுக்கில் அறுக்கும், நெகிழ்த்தினால் பாதியில் நழுவும். கட்டித் தருவதற்குப் பக்கத்தில் ஆசான் யாரும் இல்லையென்றால் நல்ல ஜட்டியே மேல்.

---

ஹைகிரவுண்ட் பிசியோ:

மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன், மற்றது எல்லாரும் சொல்லிவிட்டார்கள்.

முதலில் குடலிறக்கம். அடிவயிற்றுச் சுவரில் பலவீனமான ஒரு வழி இருந்து, உள்ளே அழுத்தம் கூடும்போது குடலோ கொழுப்போ அதன் வழியாகப் பிதுங்குவதுதான் அது. லங்கோடு வெளியே இருக்கிற துணி, அது வயிற்றுச் சுவரை அடைக்காது. லங்கோடு கட்டியவருக்கும் வரும், பளுவே தூக்காமல் இருமல் தீராதவருக்கும் மலச்சிக்கலில் முக்குகிறவருக்கும் வரும். பார்க்க வேண்டியது இதுதான்: நின்றுகொண்டு இருமினால் தொடை இடுக்கில் புடைப்பு தெரிகிறதா, படுத்தால் உள்ளே போய்விடுகிறதா? அப்படி இருந்தால் சர்ஜனிடம் காட்டும் வரை பளுவைத் தொட வேண்டாம். உள்ளே போகாமல் கெட்டியாகி வலித்து வாந்தியும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. விதையில் திடீரென்று கடுமையான வலி, ஒரு பக்கம் மேலே ஏறினாற்போல இருந்தால் அது விதை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம், ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காப்பாற்ற வாய்ப்பு அதிகம், "காலையில் பார்க்கலாம்" என்று படுத்துவிடக் கூடாது. இடது பக்கம் மட்டும் நாள்பட்ட கனம், தொட்டால் புழுக்கூட்டம் மாதிரி நரம்பு தட்டுப்படுவது வேறு, அதற்கு அவசரம் இல்லை, ஆனால் ஒருமுறை காட்டிவிட வேண்டும். உங்களுடையது குத்தவைக்கும்போது மட்டும் வந்து எழுந்ததும் போய்விடுகிறது என்றால் அது வெறும் நெருக்கல்தான்.

அடுத்தது பிள்ளை பிறக்காது என்ற கதை. விதை உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவான சூட்டில் இருக்க வேண்டும், அதனால்தான் இயற்கை அதை வெளியே வைத்திருக்கிறது. 2018இல் அமெரிக்காவில் 656 ஆண்களிடம் செய்த ஆய்வில், பெரும்பாலும் லூசான பாக்ஸர் போடுகிறவர்களுக்கு மற்றவர்களைவிட விந்தணு அடர்த்தி 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. நண்பனின் மாமாவுக்கு எங்கிருந்தோ இதன் வால் மட்டும் கிடைத்திருக்கிறது. அது ஒருவர் வழக்கமாக என்ன உடுத்துகிறார் என்பதைப் பற்றியது, இறுக்கமாக உடுத்தினால் பிள்ளையே பிறக்காது என்று அதில் இல்லை. ஜிம்மில் ஒரு மணி நேரம் கம்ப்ரெஷன் போட்டுவிட்டு வீட்டில் சாரத்துக்கு மாறுகிற ஆளுக்கு இதில் கவலைப்பட ஒன்றும் இல்லை. அதோடேயே ஆபீஸ் போய், அதோடேயே தூங்குவதுதான் வேண்டாம்.

மூன்றாவது, நான் அன்றாடம் காதில் கேட்கிற புகார்: படர்தாமரை. வேர்வையில் நனைந்த இறுக்கமான துணியை அப்படியே காயவிட்டு, மறுநாள் திரும்பப் போடுவதால் வருகிறது. ஜிம்மை முடித்ததும் உள்ளாடையை மாற்றுங்கள், தொடை இடுக்கை உலரத் துடையுங்கள், துணியைத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள் (வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமா?). வந்துவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் ஆளுக்கொரு களிம்பு தருவார்கள், அதில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். போட்ட அன்று அரிப்பு அடங்கும், அப்புறம் பரவும், நிறம் மாறும், பிறகு எந்த மருந்துக்கும் லேசில் கேட்காது. தோல் டாக்டரைப் பாருங்கள், துண்டை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

---

கல்லுத்தூக்கி:

அண்ணே, எங்க ஊர்ப் பக்கம் வருகிறீர்கள் போல! பணகுடி பக்கம் என்றால் வடலிவிளை கேள்விப்பட்டிருப்பீர்கள், பொங்கலுக்கு அங்கே நடக்கிற போட்டியில் 129 கிலோ வரைக்கும் கல் இருக்கிறது. அந்தக் காலத்தில் பெண் கொடுக்கிறதற்கு மாப்பிள்ளையைக் கல்லைத் தூக்கச் சொல்வார்கள் என்று பாட்டிமார் கதை சொல்வார்கள். உங்களுக்கு இப்போது பெண் பார்க்கிறார்கள் என்கிறீர்கள், நல்ல பொருத்தம் :)

ஒரு விஷயம் கவனியுங்கள். மேலே ஸ்குவாட்டுக்குச் சொன்ன கால் வைப்பை அப்படியே கல்லுக்குக் கொண்டுவராதீர்கள். கல்லைத் தரையிலிருந்து எடுக்கும்போது கால் அகலமாக, கல் இரண்டு பாதத்துக்கும் நடுவில். அதுவரை சரி. கல்லைத் தொடையில் ஏற்றி மடியில் வைத்து ஒரு மூச்சு வாங்குகிற கட்டம் ஒன்று உண்டு, அங்கே முழங்கால்களைக் குறுக்க வேண்டும். கல்லின் அகலத்தைவிடக் கொஞ்சம் குறுகலாக இருந்தால்தான் இரண்டு தொடையும் அதைத் தாங்கும். அகட்டி வைத்தால் வழுவழுப்பான உருண்டைக் கல், நடுவில் இறங்கும், எதன் மேல் இறங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே லூசான பாக்ஸர் போட்டுவிட்டு வந்தவர்கள் படுகிற பாடு அந்தக் கட்டத்தில்தான். லங்கோடோ இறுக்கமான ஜட்டியோ இதற்குக் கட்டாயம், அது எல்லாவற்றையும் மேலே, முன்பக்கமாக வைத்திருக்கும்.

மடியிலிருந்து கல்லைக் கட்டிப்பிடித்து நெஞ்சுக்கு உருட்டி, எழுந்து, தோளில் ஏற்றிப் பின்னால் போட வேண்டும். போட்டதும் ஒரு எட்டு முன்னால் வந்துவிடுங்கள். வேட்டியை மடித்துக் கட்டினால் கல் உரசி அவிழ்த்துவிடும். கட்டுவதென்றால் தார்ப்பாய்ச்சிக் கட்டுங்கள், அதிலும் சொரசொரப்பான பருத்தி வேட்டிதான் நல்லது, கல் தொடையில் நிற்கும். பாலியஸ்டர் ஷார்ட்ஸில் வழுக்கும். பக்கிள் வைத்த பெல்ட் வேண்டாம், கழுத்துச் செயின், கைக்கயிறு எல்லாம் கழற்றிவிடுங்கள். வெறும் மேலோடு தூக்கினால் போட்டோ நன்றாக வரும், ஆனால் நெஞ்சுத்தோல் உரிந்துவிடும், பருத்தி பனியன் போட்டவருக்குப் பிடியும் கிடைக்கும். வெறுங்கால் போதும்.

பழகுவதற்குக் கல்லே வேண்டும் என்று இல்லை. சாக்குக்குள் சாக்கு போட்டு மணலை நிரப்பி 40 கிலோவில் ஆரம்பியுங்கள். தாமிரபரணியில் போய் மணல் அள்ளிவிடாதீர்கள், எம்-சாண்டே போதும், அதற்குக் கேஸ் கிடையாது.

---

பாளைப்பையன்:

இத்தனை பேர் கூச்சமில்லாமல் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. அந்த நாலு கால் சோதனையைச் செய்து பார்த்தேன், நான் வழக்கமாக வைக்கிற அகலத்துக்கும் வசதியான அகலத்துக்கும் ஒரு சாண் வித்தியாசம் இருக்கும் போல. நேற்று பாதத்தைத் திருப்பி வெறும் பாரோடு இறங்கினேன், நெருக்கல் பெரும்பாலும் இல்லை. டெட்லிஃப்டில் காலைக் குறுக்கிப் பிடித்ததும் பார் தொடையிலேயே நின்றுவிட்டது, ஆனால் இப்போது கெண்டைக்காலுக்கு முன்னால் எலும்பில் உரசுகிறது, தோல் சிவந்துவிட்டது. இருமிப் பார்த்தேன், புடைப்பு ஒன்றும் இல்லை.

வாங்குவதற்கு: சாதாரண ஜட்டியா, கம்ப்ரெஷனா, கிரிக்கெட் சப்போர்ட்டரா?

---

வண்ணாரப்பேட்டை பார்பெல்:

சப்போர்ட்டர் வேண்டாம், கப் வைக்கிற பை அதில் இருக்கிறது, கப் இல்லாமல் போட்டால் சுருண்டுகொள்ளும், கப்போடு குத்தவைத்தால் இன்னும் மோசம். தொடை பருமனாக இருந்து உரசிப் புண்ணாகிறது என்றால் தொடைப் பாதி வரை வருகிற கம்ப்ரெஷன், இல்லையென்றால் முன்பக்கம் தாங்குகிற, இடுப்புப்பட்டி சுருளாத பருத்தி ஜட்டி. கடையிலேயே ட்ரவுசருக்கு மேலே வைத்து அளக்காதே, அளவைக் கேட்டு வாங்கு, ஒரு சைஸ் குறைத்து வாங்கினால் நன்றாகத் தாங்கும் என்பதெல்லாம் கடைக்காரர் பேச்சு. போட்டுக் குத்தவைத்து எழுந்தால் கையால் சரிசெய்ய வேண்டியிருக்கக் கூடாது. பருத்தி வேர்வையைக் குடித்துக் கனத்துவிடும், அதனால் பையில் மாற்று ஒன்று இருக்கட்டும்.

முன்னெலும்பில் உரசினால் பார் உடம்போடு வருகிறது என்று அர்த்தம், அதை விலக்கிப் பிடிக்காதே. தொடங்கும்போது பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே பார், எலும்புக்கும் அதற்கும் ஓர் அங்குலம். முழங்கால் வரை வருகிற ஃபுட்பால் சாக்ஸ் போட்டுக்கொள், பவர்லிஃப்டிங் போட்டியில் டெட்லிஃப்டுக்கு நீளமான சாக்ஸ் விதியாகவே இருக்கிறது, ரத்தம் பாரில் படக் கூடாது என்பதற்காக. மேலே பருத்தி டிஷர்ட், ஸ்குவாட்டில் பார் முதுகில் வழுக்காது.

---

நயினார்குளம் அண்ணாச்சி:

பெஞ்சில் படுத்து டம்பெல் தூக்குகிறவர் என்றால் இதையும் கேட்டுக்கொள்ளும். உட்கார்ந்து டம்பெல்லை மடியில் வைக்கும்போது முழங்கால் பக்கமாகத் தொடையில் நிறுத்தி வையும், கவட்டைப் பக்கம் உருள விடாதீர். என் மகன் ஜிம்மில் ஒரு பையன் அப்படி விட்டுவிட்டு அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லையாம், எந்த ஜட்டியும் அதற்கு உதவாது.

அப்புறம் டெய்லர் விஷயம், டவுன் ரத வீதிப் பக்கம் பட்டாபட்டி தைக்கிற ஆள் ஒன்றிரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள். சனிக்கிழமை கடைக்கு வாரும், கூட்டிப் போகிறேன். துணியை நீரே எடுத்து வந்துவிடும், காடா துணி வேண்டாம், முதல் துவைப்பிலேயே சுருங்கிவிடும்.